சந்தனம் காயுமுன்

மேஜையில், பாதியில் நின்ற ஆய்வேட்டு அத்தியாயத்தின் மேல் நீளமான முடி ஒன்று கிடந்தது. தேங்காயெண்ணெய் வாசம்கூடப் போகவில்லை. கங்காதரன் தன் மொட்டைத் தலையைத் தடவினான். காலையில் மலையில் பூசிய சந்தனம் விரலில் ஈரமாக ஒட்டியது.

ஏரி மண்ணின் உப்பை ஆராயப் பட்டணத்துக்குப் போனவன் அவன். ஆய்வேட்டைக் கொடுத்த பிறகே முடி காணிக்கை என்று முருகனுக்கு வேண்டிக்கொண்டு, தோள்வரை வளர்த்திருந்தான். எழுதியதையெல்லாம் பேராசிரியர் திருப்பித் திருப்பி அனுப்பினார். தூக்கம் போயிற்று, பசி போயிற்று. சொந்தப் பெயரையே யோசித்து எழுத வேண்டிய நிலையில் திருத்தணி வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

"தலபாரம் எறங்கனா தூக்கம் வரும் நைனா. மொட்ட போட்டுக்கோ. மீதிய அப்புறம் எழுதிக்கலாம், சாமி கோச்சிக்காது," என்றாள் அம்மா கோவிந்தம்மாள்.

மலையில் கத்தியை வைக்குமுன் நாவிதர் கேட்டார்: "வேண்டுதல் நெறவேறிடுச்சிங்களா?"

"ஆங்," என்றான். உண்மையைச் சொல்லக்கூடச் சோர்வாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தங்கை அம்சா சிரித்தாள்: "எலுமிச்சம்பழம் கணக்கா கீற அண்ணா. போயி படு."

அந்த முடியை ஊதித் தள்ளிவிட்டுப் பாயில் சாய்ந்தான். தெருத் தறிகளின் சத்தமும், பக்கத்து வீட்டு டிரான்சிஸ்டரும், பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியின் புளித்த வாடையும், நெற்றியில் வழியும் சந்தனமும் வெயிலோடு கலந்து கண்ணை அழுத்த, அவற்றுக்கிடையே மெல்லிய கீறல் ஒன்று கேட்டது. பேனா முள். கொஞ்சம் நின்றது. மைப்புட்டி மூடி திறந்தது. மறுபடி கீறல்.

திரும்பிப் பார்த்தான். மேஜையில் ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். தோள்வரை முடி. தன்னுடைய மைக்கறைச் சட்டை.

கத்தியிருக்க வேண்டும். ஆனால் உடம்பு கெஞ்சியது. எழுதட்டும். நான் தூங்குகிறேன். கண்ணை மூடினான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு கைகால்கள் தளர்ந்தன.

விழித்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். அம்சா காபியோடு வந்தாள். கையை நீட்டினான். அவனைத் தாண்டிப் போய் டம்ளரை மேஜையில் வைத்தாள்.

"மொட்ட போட எப்பண்ணா போலாம்? பேன் புடிக்கப் போவுது."

"வேலை ஆகட்டும்மா." மேஜையிலிருந்து வந்தது கங்காதரனின் குரல். அவன் வாய் திறக்கவில்லை.

"அம்சா!" என்றான். அவள் திரும்பவில்லை. கத்தினான். பேனா நிற்கவில்லை.

"வெளக்கு வெச்ச நேரத்துல யாரு பாய விரிச்சிப் போட்டது?" அவள் குனிந்தாள். மூக்கைச் சுளித்தாள். "சந்தன வாசன வருது."

கால்மாட்டு விளிம்பைப் பிடித்துச் சுருட்டத் தொடங்கினாள்.

பாதங்களைத் தேடினான். இல்லை.

சுருள் முழங்காலுக்கு வந்தது.