கடல் தெரியாத அறை

அறையில் மணல் கிடந்தது. கட்டிலடியில் ஒரு பிடி, ஈரமாக. கடற்கரை எங்கோ பல தெரு தள்ளி. அவர்கள் வந்ததோ ஊருக்குள்ளே நெல்லித்தோப்பில் இருக்கும் அவள் அம்மா வீட்டிலிருந்து. சிவசங்கரி காலால் தள்ளிப் பார்த்தாள். விரலில் ஒட்டிக்கொண்டது.

"அதான் சொன்னேன்ல, இங்கெல்லாம் ஒழுங்கா கூட்டக்கூட மாட்டானுங்க" என்றான் அருள்முருகன்.

அவன் ஆசைப்பட்டது ஊருக்கு வெளியே கடலோரம் நின்ற பெரிய ஓட்டலுக்கு. மச்சான் கல்யாணம், மாமியார் வீட்டில் கால் வைக்க இடமில்லை, ரெண்டு நாள் ராஜா மாதிரி இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தான் பாவம். இவள்தான் ஒற்றைக் காலில் நின்று, பழைய வெள்ளைக்காரர் வீட்டை மாற்றிக் கட்டிய இந்தச் சின்ன ஓட்டலைப் பிடித்தாள். வாடகை கம்மி என்றாள். காரணம் அதில்லை என்று அவனுக்கும் தெரியும். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை, மூத்தவள் தீபாவை அலை இவள் கையிலிருந்துதான் பிடுங்கிக்கொண்டு போனது. உடம்புகூடக் கிடைக்கவில்லை. அதன்பிறகு கடல் பக்கம் இவள் தலைவைத்தும் படுத்ததில்லை. சின்னவள் பவித்ராவுக்குக் கொலுசு போட்டதுமில்லை. அன்று தீபா காலில் கிடந்த சலங்கைக் கொலுசின் சத்தத்தை இவளால் தாங்க முடியாது.

"கீழ போயி வேற ரூம் இருக்கான்னு கேக்கறேன்" என்று அவன் இறங்கிப் போனான். மரப்படிகள் முனகி ஓய்ந்தன.

மதியத்துக்குக் கடைகள் சாத்திய தெருவில் ஒரு சைக்கிள் மணிகூட இல்லை. கரண்ட் போய் மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நின்றதும், மூடிய மரச் சன்னல்களின் இருட்டில் உப்பும் பாசியும் கலந்த வாடை எங்கிருந்தோ கசிந்து வந்து, தூங்கும் பவித்ராவின் பவுடர் வாசனையை முழுங்கிவிட்டது. குளியலறையில் தண்ணீர் வழியும் சத்தம். போய்ப் பார்த்தாள். குழாய் மூடியிருந்தது. வாளி நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. தெறித்த நீர் உதட்டில் பட்டது.

உப்பு.

வெளியே அறைக்குள், சலங்கை வைத்த கொலுசு. ரெண்டு எட்டு. நின்றது. மறுபடி ஒரு எட்டு.

ஐயோ, என் புள்ள! ஓடி வந்தாள். கட்டிலில் தூங்கும் குழந்தையைத் தவிர யாருமில்லை. பால்கனிக் கதவைத் திறந்து தெருவைப் பார்த்துக் கத்தினாள்.

"என்னாங்க! அந்தக் கடலோர ஓட்டலுக்கே போயிடலாம்! ஆட்டோ புடிங்க!"

கடலே தேவலை. இந்த அறை வேண்டாம். கட்டிலில் சுருண்டு கிடந்த குழந்தையைப் போர்வையோடு வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். படி இறங்கினாள். கனத்தது. போர்வை நனைந்திருந்தது. பயத்தில் ஒன்றுக்குப் போய்விட்டாள் போல. இருக்கட்டும். ஓடு.

ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு நின்ற அருள்முருகன் மேலே பார்த்தான். முகம் மாறியது.

"ஏய், பாப்பாவ மேலயே வுட்டுட்டா வந்த? என்னாத்த மூட்ட கட்டி எடுத்தாந்திருக்க?"

சிவசங்கரி நிமிர்ந்தாள். பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டு பவித்ரா அழுதுகொண்டிருந்தாள்.

போர்வைக்குள்ளிருந்து சில்லென்று ரெண்டு கைகள் இவள் கழுத்தைச் சுற்றி இறுகின. இடுப்போரம் கொலுசு குலுங்கியது.

"கடலுக்குப் போலாம்மா."