பகலில் மின்னும் குடுவை

காலை 8.10.

கடல் காட்சியகத்தின் பாசி அறையைத் திறந்த விஞ்ஞானி, கதவில் வைத்த கையை எடுக்க மறந்து அப்படியே நின்றுவிட்டாள். நேற்று மாலை வரை பழுப்பும் பச்சையுமாகத் தளதளவென்று இருந்த கண்ணாடித் தொட்டிகள் அத்தனையும் வெளுத்துக் கிடந்தன. குளோரின் நெடி மூக்கைத் துளைத்தது.

ஒன்பதரைக்குக் காவல் ஆய்வாளர் வந்தாள். அவளுக்கு நல்ல ஜலதோஷம், எந்த நெடியும் தெரியவில்லை. ஆடு காணோம், மாடு காணோம் என்ற புகார்களை எல்லாம் பார்த்தவள்தான். ஆனால் பாசியைக் கொன்றுவிட்டார்கள் என்று ஒரு கடல் காட்சியகமே கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"பாசிதானேம்மா? தண்ணிய விட்டா திரும்ப வளராதா?"

விஞ்ஞானிக்குச் சுருக்கென்றது. "குளத்துல வழுக்குமே, அந்தப் பாசி இல்ல மேடம். இது கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொண்ணும் ஒத்தை உயிரணு. வெயிலையும் தண்ணியையும் வச்சே உடம்பை வளர்த்துக்கும். இதைப் பொடிப் பூச்சிங்க தின்னும், அந்தப் பூச்சியக் கடல்குதிரைக் குஞ்சு தின்னும். அடியில இருக்கிற இது போச்சுன்னா மேல இருக்கிறது எல்லாமே பட்டினி. கடல்லயும் இதே கதைதான். இந்த உலகத்துல உண்டாகிற பிராணவாயுல கிட்டத்தட்ட பாதி கடல்ல மிதக்கிற இதுங்க போடுறது. நீங்க இப்ப இழுக்கிற மூச்சுலயும் இதுங்களுக்குப் பங்கு இருக்கு."

மூக்கடைப்பில் வாயால் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த ஆய்வாளர் வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு "பாசிதானே" என்ற பேச்சையே அவள் எடுக்கவில்லை.

"குளோரின் எப்படி வந்துச்சு?"

"இங்கயே இருக்கு மேடம். கடல்தண்ணியில குளோரின் போட்டுக் கிருமியக் கொல்லுவோம். மறுநாள் ஒரு உப்பைப் போட்டு முறிச்சிட்டு, அப்புறம்தான் தொட்டியில ஊத்துவோம். முறிக்காத தண்ணி சிவப்பு கேன், முறிச்சது நீல கேன்."

கேன்கள் எல்லாம் ஒரே வெள்ளை. கழுத்தில் கட்டிய நாடாவிலும் மூடியிலும்தான் நிறம். வாசல் அருகே இரண்டு கேன்கள் தனியாக நின்றன. சிவப்பு நாடா கட்டிய கேனுக்கு நீல மூடி, நீல நாடாவுக்குச் சிவப்பு மூடி. ஆய்வாளர் குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டாள்.

"சாயந்தரம் தண்ணி ஊத்துறது யாரு?"

"நான்தான். நேத்து சீக்கிரம் கிளம்பிட்டேன், ஸ்டோர்காரர்கிட்ட சொல்லியிருந்தேன். கரண்ட் போயிட்டதால ஊத்தலைன்னு சொன்னார்."

நேற்று மாலை 7.40க்கு மின்சாரம் போய் அரை மணி நேரம் கழித்து வந்திருந்தது. அந்த இருட்டில் ஸ்டோர்காரர் பாசி அறையிலிருந்து வெளியே வந்ததைக் காவலாளி பார்த்திருந்தான். அதனால் ஆய்வாளர் முதலில் அவரைத்தான் தனியாக அழைத்து விசாரித்தாள். ஐம்பது வயதைத் தாண்டியவர், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"கும்மிருட்டுங்க. போன்லயும் சார்ஜ் இல்ல. காத்துப் பம்பு நின்னுடுச்சேன்னு உள்ள போனேன். மூலையில திரைக்குப் பின்னால ஒளிர்ற பாசி வச்சிருக்காங்க, ஆட்டினா நீலமா மின்னும். யாரோ அந்தத் தட்டுல இடிச்சாங்க. குடுவை குலுங்கி பளிச்சுனு ஒரு வெளிச்சம். அதுல மூஞ்சியப் பார்த்துட்டேன். எந் தங்கச்சி புருஷன். கையில கேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"வீட்டு மாப்பிள்ளையாச்சே." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். நான் எதுக்குங்க பொய் சொல்லணும்?"

சொந்தத் தங்கையின் குடும்பத்தில் மண் அள்ளிப் போட எந்த மனுஷனுக்கு மனசு வரும்?

தங்கையின் கணவன் அங்கே ஜெனரேட்டர் மெக்கானிக். முந்தின நாள்தான் பம்பைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று நாலு பேர் முன்னால் விஞ்ஞானியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். காட்சியக மேலாளருக்கு அது போதுமாக இருந்தது. இன்றைக்கே வேலையை விட்டுத் தூக்கி, கையோடு ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"கரண்ட் போனப்ப எங்க இருந்த?" என்று மெக்கானிக்கைக் கேட்டாள் ஆய்வாளர்.

"பின்னால, ஜெனரேட்டர்கிட்ட. ஸ்டார்ட் ஆகாம மக்கர் பண்ணுச்சு."

"இருட்டுலயா?"

"தலையில விளக்கு மாட்டியிருந்தேன் மேடம். ரெண்டு கையும் வேணும்ல."

"உன் மச்சான் உன்னை உள்ள பார்த்தேங்கிறாரே?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "மச்சானா சொன்னாரு?"

தலைவிளக்கோடு அவன் பின்பக்கம் போனதைக் காவலாளியும் ஒப்புக்கொண்டான். ஆனால் அங்கிருந்தும் பாசி அறைக்கு ஒரு கதவு இருந்தது.

காலை 11.00.

"அந்த ஒளிர்ற பாசியக் காட்டுங்க," என்றாள் ஆய்வாளர்.

விஞ்ஞானி மூலைக்கு அழைத்துப்போய்க் கறுப்புத் திரையை இழுத்து மூடிவிட்டுக் குடுவையைக் குலுக்கினாள். இருட்டில் தண்ணீர் நீலமாகப் பற்றிக்கொண்டது. விஞ்ஞானியின் மூக்குக்கண்ணாடிகூடத் தெரிந்தது. ஆக, ஸ்டோர்காரர் சொன்னதில் தப்பில்லை.

திரையை விலக்கியபோது தட்டுக்கு மேலே அணைந்திருந்த குழல்விளக்கு கண்ணில் பட்டது.

"இது எதுக்கு?"

"வெளிச்சம்தானே மேடம் இதுங்களுக்குச் சாப்பாடு. சாயந்தரம் ஆறு மணிக்குத் தானா எரியும், காலையில ஆறுக்குத் தானா அணையும்."

வாசலில் மெக்கானிக்கின் மனைவி நின்றிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"எங்கண்ணன் பொய் சொல்ல மாட்டாரு மேடம். எம் புருஷன் இதைச் செய்ய மாட்டாரு. இதுல நான் எதை நம்புறது?"

ஆய்வாளர் அவள் தோளைத் தொட்டாள். "சாயந்தரம் வாம்மா," என்று மட்டும் சொன்னாள்.

மாலை 7.40.

எல்லோரும் பாசி அறையில் நின்றார்கள். ஆய்வாளர் தலையசைக்க, மெக்கானிக் மெயினை அணைத்துவிட்டு வந்தான். பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாத இருட்டு.

"ஸ்டோர்காரரே, அந்தக் குடுவைய ஆட்டுங்க."

தண்ணீர் சளப்சளப்பென்று அடிக்கும் சத்தம் கேட்டது. வெளிச்சம் ஒரு பொட்டுகூட வரவில்லை.

"நல்லா ஆட்டுங்க. நேத்து லேசா இடிச்சதுக்கே மூஞ்சி தெரிஞ்சுதே?"

மறுபடியும் சத்தம், இன்னும் வேகமாக. அப்புறம் அதுவும் நின்றுபோனது.

"அது மின்னாது மேடம்," என்றது விஞ்ஞானியின் குரல். ஸ்டோர்காரர் சொன்ன சாட்சியம் அவள் காதுக்கு இப்போதுதான் வந்திருந்தது. "கடல்ல இது ராத்திரிதான் மின்னும். இங்க பார்வையாளர் வர்றது பகல்ல. அதனால ராத்திரி பூரா விளக்கு போட்டு, பகல்ல இருட்டுல வச்சு மாத்திப் பழக்கியிருக்கோம். இப்ப அதுங்களுக்குப் பகல். திடீர்னு விளக்க அணைச்சாலும் உடம்புக்குள்ள இருக்கிற கடிகாரம் ஏமாறாது."

"நைட் டியூட்டி பார்த்தவளுக்கு அது தெரியும்மா," என்றாள் ஆய்வாளர். "காலையில வீட்டுக்குப் போய் ஜன்னலை எல்லாம் மூடினாலும் தூக்கம் வராது. ஆறு மணிக்கு விளக்கு எரியும்னு நீங்க சொன்னப்பவே எனக்கு உறுத்துச்சு. ஸ்டோர்காரர் இது மின்னிப் பார்த்ததெல்லாம் பகல்ல, பார்வையாளர் கூட்டத்தோட நின்னு. எப்ப ஆட்டினாலும் மின்னும்னு நினைச்சுட்டார்."

ஆய்வாளரின் குரல் வாசல் பக்கம் நகர்ந்தது.

"இன்னொண்ணு. கேன் மூடி ரெண்டும் மாறிக் கிடந்துச்சு. சிவப்பு எது, நீலம் எதுன்னு இருட்டுல தெரியாத ஆள்தான் அப்படி மூடுவான். மெக்கானிக் தலையில விளக்கு இருந்துச்சு. ஸ்டோர்காரரே, உங்க கையிலதான் விளக்கு ஒண்ணும் இல்ல. வேணும்னு நீங்க ஊத்தல. கரண்ட் வர்ற வரைக்கும் பொறுக்காம, தடவிப் பார்த்தே வேலைய முடிச்சிடலாம்னு பார்த்தீங்க. கை தப்பா போச்சு. காவலாளி பார்த்துட்டான்னதும் பழி போட இன்னொரு ஆள் தேவைப்பட்டுச்சு."

ஸ்டோர்காரர் பேசினார்.

"இந்த வயசுல என்னைத் தொரத்திட்டா எனக்கு எங்க வேலை கிடைக்கும்? மாப்ள சின்ன வயசு. எங்க போனாலும் பொழைச்சுக்குவான்னு நினைச்சேன்."

ஆய்வாளருக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. கைதவறியதை வந்து சொல்லியிருந்தால் அது ஒரு நாள் திட்டோடு போயிருக்கும். குளிர்பெட்டியில் ஒரு சோதனைக்குழாய் நிறைய விதைப்பாசி இருந்தது, அதிலிருந்து மறுபடி வளர்த்துவிடலாம் என்று விஞ்ஞானி மத்தியானமே சொல்லியிருந்தாள். குஞ்சுகளுக்கு அதுவரை தாக்குப்பிடிக்கப் பக்கத்துப் பண்ணையிலிருந்து பாசி வந்துகொண்டிருந்தது.

மெக்கானிக் தலைவிளக்கைப் போட்டுக்கொண்டு மெயினைப் போடக் கிளம்பினான். போகும்போது அந்த வெளிச்சம் ஸ்டோர்காரரின் முகத்தில் ஒரு கணம் விழுந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் வெளிச்சத்தைத் தரைக்கு இறக்கிக்கொண்டு நடந்தான்.

தங்கைதான் பேசினாள்.

"அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணே. உனக்காக, 'நான்தான் ஊத்தினேன்'னு அவரே சொல்லியிருப்பாரு."

மின்சாரம் வந்தது. ஸ்டோர்காரர் இன்னும் அந்தக் குடுவையைக் கையில் பிடித்தபடியே நின்றிருந்தார். விஞ்ஞானி போய் அதை வாங்கித் தட்டில் வைத்தாள்.