பங்களாக் கதவுக்கு ஒரு ரீத்து

சாயம் போகவில்லை. அதுதான் மதலேனம்மாளுக்கு முதலில் உறுத்தியது.

கிரேப் பேப்பர் பூவைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த எஸ்டேட்டில் பதினைந்து வருஷமாக யார் செத்தாலும் ரீத்து கட்டுகிறவள் அவள்தான். மூங்கில் பிளாச்சை வளைத்து, பேப்பர்ப் பூவைச் சுற்றிக் கட்டி, குழிமேட்டில் வைக்கிற வளையம். ஒரு மழை விழுந்தால் போதும், ஊதாவும் வெள்ளையும் கலந்து கழனித்தண்ணியாய் ஒழுகிவிடும். ஆனால் கல்லறைத் திருநாளன்று புருஷனுக்கு அவள் வைத்த வளையம், ஏழு வாரம் மழையிலும் பனியிலும் கிடந்தும் நேற்றுக் கட்டினதுபோல் இருந்தது. இதழை விரலால் அழுத்தினாள். ஈரம். சாயம் ஒட்டவில்லை, செம்மண்தான் ஒட்டியது.

அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும். எங்கே திரும்பினாள்? ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்! முந்தானைக்குள் வளையத்தைச் செருகிக்கொண்டு நடந்துவிட்டாள்.

அன்று காலையில்தான் கொழுந்தன் பாஸ்கல் அவள் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டுக்கு வந்திருந்தான். மலையாளத்து மானேஜர் தொரை பங்களாவில் சமைக்கிற குசினிக்காரன் அவன்.

“மதினி, தொரைசானி ஒரு ரீத்து கேக்காக. கலர்கலரா இருக்கணுமாம். சீமையில கிறிஸ்மஸுக்குக் கதவுல மாட்டுவாகளாம். கார்டுல படம் காட்டுனாக.”

“எந்தக் கதவுல?”

“பங்களா முன்வாசக் கதவுலதான்.”

“செத்தவனுக்கு வைக்கிறத வாசல்ல மாட்டச் சொல்லுதாளா? அந்த வீட்டால நான் பாத்த இழவு பத்தலையாமா அவளுக்கு?”

பாஸ்கலுக்கும் தெரியாததா? ஆனி மாத மழையில் பங்களா ரோட்டில் மண் சரிந்தது. தொரையின் ஜீப் கிளப்புக்குப் போக வழி வேண்டும் என்று, கொட்டுகிற மழையில் மண்ணை அள்ளவிட்டார்கள். இரண்டாவது சரிவு அவள் புருஷன் அமிர்தநாதனை மூடியது. தோண்டி எடுத்தபோது உயிர் இருந்தது. வண்டிப்பெரியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப் கேட்டு இதே பாஸ்கல்தான் ஓடினான். சீட்டெல்லாம் சேறாகும் என்றார் தொரை. கம்பளியில் தூக்கிக்கொண்டு போனார்கள். பாதி வழியில் மூச்சு நின்றது. புருஷன் வாய்க்குள்ளிருந்து விரல்விட்டு விரல்விட்டு அவள் எடுத்த செம்மண்ணுக்கு அளவே இல்லை.

அதற்குப் பரிகாரம் பண்ணுகிறார்களாம், பதினேழு வயசு மகள் ரோசியைப் பங்களாவில் எடுபிடி வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். அவளுக்கென்று பூமியில் இருந்தது அந்த ஒரு பிள்ளைதான். பங்களாவுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, ஒற்றைக் கதவு, ஒற்றைச் சன்னல். அதில்தான் பிள்ளை படுக்கை.

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினதுபோல் இருந்தது மதலேனம்மாளுக்கு. பாஸ்கலைப் பார்த்துச் சிரித்தாள்.

“கட்டித் தாரேன்னு சொல்லு. ரோசிக்கு எப்ப லீவு?”

“இருவத்தி நாலு காலையில அனுப்பிருவாக மதினி.”

“அப்ப இருவத்தி மூணு சாயங்காலம் ரீத்து வந்துரும்.”

அந்த மலையில் லயத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த ஒரு கட்டு உண்டு. கல்லறையில் வைத்தது கல்லறைக்கே. அங்கேயிருந்து காய்ந்த பூ ஒன்றைக்கூட வீட்டுக்கு எடுத்து வரக்கூடாது. செத்தவன் பொருள் எந்த வாசலில் தொங்குகிறதோ, அந்த வாசலைத் தன் குழி என்று நினைத்துக்கொள்வானாம். உள்ளே இருப்பவர் யார் எவர் என்று பார்க்கமாட்டானாம். மதலேனம்மாள் இதை ஆயிரம் தடவை அடுத்தவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள். இப்போது அதே வார்த்தை அவளுக்குத் தேனாய் இனித்தது. வரட்டும். அந்த முன்வாசலுக்கே வரட்டும். தொரையும் தொரைசானியும் மெத்தையில் படுத்திருக்கும்போது வரட்டும்.

வளையத்தைத் தன் வாசல் வழியாகக் கொண்டுபோகவில்லை, அந்த மட்டும் பயம் இருந்தது. அடுப்படிச் சன்னல் வழியாக உள்ளே தள்ளினாள். பழைய பூக்களைப் பிய்த்து அடுப்பில் போட்டாள். எரியவில்லை. சுர்ரென்று நீர் கொதிக்கிற சத்தம் மட்டும் வந்தது, ஆனி மாதத்து மண்வாடை வீடு முழுக்க எழுந்தது. வெளியே மார்கழிப் பனி, மழை பெய்து ஒரு மாசம் ஆகியிருந்தது.

“வா, வா, நீயும் கோவத்துலதான் இருக்கே,” என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

மூன்று நாள் கட்டினாள். சிவப்பு, மஞ்சள், ரோஸ், கிளிப்பச்சை. ஒவ்வொரு பூவையும் உருக்கின மெழுகில் முக்கி, ஆறவிட்டு, கம்பியில் முறுக்கி, வளையத்தில் இறுக்கினாள். சாவு ரீத்து கட்டும்போது ஒவ்வொரு பூவுக்கும் ‘நித்திய இளைப்பாற்றியை இவருக்குத் தந்தருளும் ஆண்டவரே’ என்று சொல்வது வழக்கம். இதற்குச் சொல்லவில்லை. பதிலுக்கு, உயிரோடு இருந்தவரைக்கும் அவள் வாயால் ஒருநாளும் சொல்லாத புருஷன் பேரை, முடிச்சுக்கு முடிச்சு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

“அமிர்தநாதா, எந்திரி. அமிர்தநாதா, எந்திரி.”

இரண்டாம் நாள் வளையம் கனத்தது. பேப்பரும் மெழுகும் எவ்வளவு கனம் இருக்கும்? ஒரு கூடைக் கொழுந்து கனம் இருந்தது. மூன்றாம் நாள், அவள் கை ஓய்ந்த பிறகும் கம்பி தானாக ஒரு சுற்று இறுகியதுபோல் தோன்றியது. மெழுகுப் பூவுக்குள் எங்கேயோ நறநறவென்று, பல்லில் மண் கடிபடுகிற சத்தம். ஆனாலும் சாக்கில் சுற்றி, சொன்ன நேரத்துக்குப் பாஸ்கல் கையில் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் ரோசிக்குப் பிடிக்கும் என்று முறுக்கு சுட்டாள். பிள்ளை வரவில்லை. மத்தியானம் ஆயிற்று. வரவில்லை. நாலு மணிக்குப் பாஸ்கல்தான் கேக் பொட்டலத்தோடு வந்தான்.

“ரோசி எங்கலே?”

“பெரிய விருந்தாளி வந்துட்டாக மதினி. லீவு இல்லன்னுட்டாக. பாவம், காய்ச்சல்னு மத்தியானமே போய் அறையில படுத்துட்டு.”

“தம்பி, அந்த ரீத்து... முன்வாசல்லதான இருக்கு?”

“அத ஏன் கேக்கீக! தொரையோட அம்மா பாத்துட்டு, சாவு ரீத்த எவன் வாசல்ல தொங்கவிட்டான்னு ஒரே கூப்பாடு. அவுகளும் மலையாளத்து வேதக்காரங்கதான, தெரியாதா? தூக்கிக் குப்பையில போடுன்னாரு தொரை. ரோசிதான் மனசு கேக்காம, எங்கம்மா கைப்பூவ எறியாதீகன்னு வாங்கிட்டுப் போயி, தன் அறைக் கதவுல மாட்டிக்கிட்டு.”

மதலேனம்மாள் செருப்புக்கூடப் போடவில்லை. ஓடினாள்.

குறுக்குப்பாதை கல்லறைத் தோட்டத்தை ஒட்டி ஏறியது. மலையிலிருந்து மூடுபனி இறங்கி, தேயிலைத் தூர்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் எங்கோ கோயிலில் பாட்டுக் குழு ஒத்திகை பார்க்கிற சத்தம் வந்து, அறுந்து, திரும்ப வரவே இல்லை. பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் புருஷன் குழிப் பக்கம் பார்த்தாள். மேடாக இருந்தது பள்ளமாகக் கிடந்தது. மண் உள்வாங்கியிருந்தது. அங்கேயிருந்து பாதைவரைக்கும் ஈரச் சேறு, எதையோ இழுத்துக்கொண்டு போனதுபோல ஒரே கோடாக. பங்களா பக்கமாக.

“அய்யோ, அங்க இல்ல! அது நம்ம பிள்ள!” என்று கத்திக்கொண்டே ஏறினாள்.

பனிக்குள் முன்னால் எதுவோ நடந்துபோனது. தெரியவில்லை, கேட்டது. சதக். நிற்கும். சதக். அவள் வேகமாய்ப் போனால் அதுவும் வேகமாய்ப் போனது. ஆனி மாதத்து மண்வாடை மூக்கை அடைத்தது.

பங்களாவின் முன்பக்கம் விளக்கு, சிரிப்பு, கிராமபோன். பாவிகள், சிரிக்கிறார்கள்! கொல்லைப்புறம் சுற்றி ஓடினாள்.

ரோசியின் கதவு. அதில் சிவப்பும் மஞ்சளும் ரோஸுமாக ரீத்து. அந்த மங்கலிலும் பளிச்சென்று, அப்படி ஒரு அழகாக.

“ரோசி! கதவத் தெற பிள்ள! வெளிய வா!”

“அம்மா?” உள்ளேயிருந்து தூக்கக் குரல். “அம்மா, தள்ள முடியல. கதவுக்கு இங்கிட்டு என்னமோ சரிஞ்சு கெடக்கு. காலெல்லாம் சில்லுனு இருக்கும்மா.”

ரீத்தைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. பூக்காம்பின் கம்பிகள் பலகைக்குள் இறங்கியிருந்தன, வேர் இறங்கியதுபோல. பல்லால் கடித்தாள். மெழுகு வாயில் உடைந்தது. உள்ளே சேறு.

“அவள விடு! நான்தான கூப்பிட்டேன், என்னைய எடு! தப்பான வாசலு! தப்பான வாசலு!”

கதவிடுக்கில் செம்மண் பிதுங்கியது. கீழே. பிறகு நடுவில். பிறகு தாழ்ப்பாள் உயரத்தில்.

“அம்மா, இடுப்பு வரைக்கும்...”

கிராமபோன் பாடிக்கொண்டிருந்தது. மதலேனம்மாள் தொண்டை கிழியக் கத்தினாள். யாரும் வரவில்லை.

உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம். வேகமாக. பிறகு மெதுவாக. பிறகு ஒன்று.

சன்னலுக்கு ஓடினாள்.

கண்ணாடி முழுக்கச் செம்மண். மேல்சட்டம்வரை இறுகி நின்றது. அதற்குள்ளிருந்து ரோசியின் உள்ளங்கை மட்டும் கண்ணாடியில் பதிந்திருந்தது. ஐந்து விரலும் அசைந்தன. மதலேனம்மாள் இந்தப் பக்கமிருந்து தன் கையை அதன் மேல் வைத்தாள்.

மண்ணுக்குள்ளிருந்து இன்னொரு கை, பெரிய கை, மெல்ல வந்தது. பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, உள்ளே எடுத்துக்கொண்டது.