அருவியில் நின்ற குற்றம்

உதவித்தொகை வரவில்லை என்று உலகம்மாளுக்குச் சொன்னது ஏடிஎம் இயந்திரம். ஏன் வரவில்லை என்று காட்டியது அதிகாரி மணிகண்டபிரபுவின் செல்போன். யாரோ அனுப்பிய வீடியோ. குற்றாலம் பேரருவியில், பெண்கள் பக்கத்து நெரிசலில், உலகம்மாள் நின்றுகொண்டிருந்தாள். ஊன்றுகோல் இல்லை. சிரிப்பு வேறு.

“போலியோ வந்த காலுன்னு சொல்லுதீங்க. நல்லாத்தானே நிக்குது?” என்றார் அவர். மறுஆய்வில் பெயர் போய்விட்டது. அனுப்பிய நம்பர் அணைந்து கிடந்தது.

அந்தப் பணம்தான் தென்காசியில் அண்ணன் வீட்டுச் சோற்றை அவளைத் தலைநிமிர்ந்து சாப்பிட வைத்தது. மேல்முறையீட்டு விசாரணைக்கு முந்தின நாள் மாலை, ஓய்வுபெற்ற ஏட்டு குழல்வாய்மொழி அங்கே வந்தார். மாற்றுத்திறனாளிகள் சங்கத்துக்காக இப்படி அலைவதுதான் இப்போது அவருடைய டியூட்டி. சம்பளமில்லாத டியூட்டி.

“யாரெல்லாம் போனீங்க?”

“சங்கத்து வேன்ல போனோம் ஏட்டம்மா. மதினியும் வந்தா.”

“அருவியில உன்னைப் புடிச்சது?”

“மொதல்ல மதினி. பொறவு யாரு புடிச்சாங்கன்னு தெரியல. தண்ணி தலையில அடிக்கயில பின்னால திரும்பிப் பாக்க முடியுமா?” உலகம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “அவதான் ஏட்டம்மா. என்னைய அடுத்தவ கையில உட்டுட்டு வீடியோ எடுத்திருக்கா. பணம் நின்னா நான் போயிருவேன், இந்த ரூமுல அவளுக்குத் தையல் மிஷின் போடணும்லா.”

அண்ணன் மனைவி உமாராணி டீயைக் கொண்டுவந்து டொக்கென்று வைத்தாள். மணிக்கட்டில் பச்சை குத்திய வேல். நாத்தனார் பக்கம் திரும்பவில்லை. ரெண்டு மாதமாகப் பேச்சு கிடையாதாம்.

“பையெல்லாம் யாருகிட்ட கொடுத்தீங்க?”

“மாரிச்செல்விகிட்ட. ரெண்டு காலும் வெளங்காதுல்லா, தண்ணிக்குள்ள வரமாட்டா. ஓரமா தரையில உக்காந்து பார்த்துக்கிடுவா.” உலகம்மாளின் முகம் இளகியது. “எனக்குன்னு இருக்குதது அவ ஒருத்திதான். பணம் நின்னதும் என்னையவிட அவதான் அழுதா.”

குழல்வாய்மொழி வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். டீ ஆறிப்போனது.

மறுநாள் காலை பத்து மணி. அலுவலக வாசலில் மூன்று சக்கர வண்டியில் மாரிச்செல்வி காத்திருந்தாள், தோழிக்குத் துணையாக. உமாராணி தள்ளி நின்றாள். குழல்வாய்மொழி செல்போனை நீட்டினார்.

“எல்லாரும் காலையே பாத்தீங்க. உலகு, உன் அக்குளுக்குக் கீழ பாரு.”

தண்ணீர் விலகிய ஒரு நொடியில் ஒரு கை தெரிந்தது. இறுக்கிப் பிடித்த கை. மணிக்கட்டில் வேல்.

உலகம்மாள் உமாராணியைப் பார்த்தாள். 

“மதினி உன்னை யாரு கைக்கும் மாத்தவே இல்ல. அப்போ எடுத்தது யாரு? குற்றாலத்துல எத்தனையோ சீசன் பந்தோபஸ்து பாத்தவ நான். பொம்பளைங்க குளிக்குத எடத்துல எவளாவது போனைத் தூக்குனா பக்கத்துல நிக்குதவளே புடுங்கி எறிஞ்சிருவா. இதுல ஒருத்திகூட திரும்பிப் பாக்கல. ஏன்? போனு மேல வரவே இல்ல. முன்னால தெரியுததெல்லாம் ஈரச்சேலை இடுப்பு. தலை ஒண்ணுகூட இல்ல. எடுத்தவ தரையில, மடி நிறையப் பையோட உக்காந்திருந்தா. நீ அவளைப் பாத்துத்தான் சிரிக்க உலகு. உன் கண்ணு கீழ பாக்குது.”

மாரிச்செல்வி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“நீ நிக்குதத உனக்கே காட்டணும்ங்குத ஆசையிலதான் எடுத்தேன் உலகு. பொறவு ஆபீஸ்ல இருந்து வீட்டுக்கு விசாரிக்க வந்த ஆளு, ‘சங்கத்துல ஏமாத்துதவ ஒருத்தியக் காட்டு, உன் பேரைத் தொடமாட்டோம்’னான். பயந்துட்டேன்.”

அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள். உலகம்மாளுடன் குழல்வாய்மொழியும் உமாராணியும் போனார்கள்.

மணிகண்டபிரபு வீடியோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். உமாராணியின் மணிக்கட்டைப் பார்த்தார்.

“சரி, பேரைச் சேத்துருவோம்” என்றார், தன் சொத்தை எழுதிக்கொடுப்பவர் போல. பேனாவை மூடவில்லை. “எடுத்தது யாரு? சங்கத்து ஆளா? அருவி வரைக்கும் போய் வீடியோ எடுக்குதவங்களுக்கு என்ன ஊனம்னு அதையும் பாத்துருவோம்.”

குழல்வாய்மொழி வாயைத் திறந்தார். சர்வீஸ் முழுக்க, கண்டுபிடித்த பெயரை அவர் விழுங்கியதே இல்லை. உலகம்மாள் அவர் கையை அழுத்தினாள்.

“தெரியாது சார். கூட்டத்துல யாரோ” என்றாள்.

வெளியே மாரிச்செல்வி வண்டியை உருட்டிக்கொண்டு எதிரே வந்தாள். “என் பேரைச் சொல்லிட்டியா?”

“சொல்லல. உன் பணம் நிக்காது.” உலகம்மாள் ஊன்றுகோலை முன்னால் வைத்தாள். “என் வீட்டுப் பக்கம் மட்டும் வராத.”

படிக்கு வந்ததும் உமாராணி அவள் அக்குளுக்குக் கீழே கையைக் கொடுத்தாள். அருவியில் பிடித்த அதே பிடி.

“மதினி...” என்றாள் உலகம்மாள்.

உமாராணி அவளை ஒவ்வொரு படியாக இறக்கிவிட்டாள்.