தாய்க்கு ஒன்றும் ஆகாது

குளியலறையில் அவள் திறந்தது பச்சைத் தண்ணீர்க் குழாயை. வந்தது வெந்நீர்.

வெந்நீர் என்றுகூடச் சொல்ல முடியாது. யாரோ நெடுநேரம் ஊறிக் கிடந்துவிட்டு எழுந்துபோன தொட்டியில் மிஞ்சியிருக்கும் சூடு அது. கூடவே ஒரு வாடை: பாசியும், ஊறிப்போன தீவனத் தூளும், எத்தனை சோப்பு போட்டாலும் போகாத மீன் வழுவழுப்பும் கலந்த வாடை. கையை உதறினாள். விரல்களுக்கு நடுவே எச்சில்போல ஒரு நூல் நீண்டு அறுந்தது. சீ! வயிற்றில் பிள்ளை இருக்கும்போது எல்லாமே குமட்டும்தான். ஆனால் இந்த நாற்றம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த நாற்றம். வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கொட்டகையின் நாற்றம்.

அங்கேதான் அவள் கணவன் திலேப்பியா மீன்குஞ்சு பொரிக்க வைத்து விற்கிறான். தெருவில் அவனுக்குக் 'குஞ்சுக்காரர்' என்றே பெயர். அந்த மீனில் ஆண்தான் மளமளவென்று வளரும். பெண் முட்டை வைத்தே மெலிந்துபோகும். அதனால் வாங்க வருகிறவர்கள் ஆண் குஞ்சுதான் கேட்பார்கள். அதற்கும் அவனிடம் வழி இருந்தது. பொரித்த குஞ்சு ஆணா பெண்ணா என்று முடிவாவதற்கு முன்பே தொட்டித் தண்ணீரை முப்பத்தாறு டிகிரிக்குச் சூடேற்றி வைத்துவிட்டால் போதும். பெண்ணாக வேண்டியதும் பெரும்பாலும் ஆணாகிவிடும்.

கல்யாணமான புதிதில் ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்ததோடு சரி. அந்த மீன் முட்டையை வாய்க்குள் வைத்து அடைகாக்கும். வாய் காலியாகும்வரை இரை எடுக்காது. வெளியே வந்து திரியும் குஞ்சுகள்கூட, மேலே ஒரு நிழல் விழுந்தால் அடித்துப் பிடித்துக்கொண்டு தாயின் வாய்க்குள் ஓடிவிடும். அவன் ஒரு தாயைப் பிடித்தான். தாடை மூட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, வாயைப் பிளந்து, நீல டப்பின்மேல் தலைகீழாக உதறினான். மஞ்சள் மஞ்சளாக முட்டைகள் விழுந்தன. சிலவற்றுக்குக் கறுப்பாகக் கண் வந்திருந்தது.

"தாய்க்கு ஒண்ணும் ஆகாது" என்று அதைத் தொட்டிக்குள் வீசினான். காலி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு அது தொட்டியின் அடியெல்லாம் துழாவியது. "தொலைச்சதத் தேடுறா பாரு!" என்று சிரித்தான். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் கேட்டேவிட்டாள்.

"குளிக்கிற குழாய்ல உங்க மீன் தண்ணி வருதுங்க. குடலப் புரட்டுது."

"நான்தான் இணைச்சேன். தொட்டியில நிரப்பி தினமும் அதுலதான் உக்காரணும். ஆரம்பத்துலயே பண்ணாத்தான் பலிக்கும். அப்புறம் பண்ணிப் பிரயோசனமில்ல."

அவளுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. மூத்தது பெண். சுண்டெலி என்று கூப்பிடுகிற அந்த வாண்டு தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. சிரிப்பு பீறிட்டது.

"நான் என்ன மீனா?"

அவன் சிரிக்கவில்லை. மாமியாரும் சிரிக்கவில்லை. "வாயில விரல வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாத பொண்ணுன்னுதானே உன்னக் கட்டி வச்சோம்? அவன் சொல்றதக் கேளும்மா."

ஆஸ்பத்திரி நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "அதெல்லாம் கரு உண்டானப்பவே முடிவாயிடும்மா. அந்த மீன் தண்ணில தினமும் ஊறிக் கெடந்தா உன் பிள்ளைக்குத்தான் ஆபத்து. பச்சத் தண்ணில குளி."

அதை வந்து வீட்டில் சொன்னாள். செவிடன் காதில் ஊதிய சங்கு. மறுநாள், கொல்லையில் மிஞ்சியிருந்த பச்சைத் தண்ணீர்க் குழாயின் கைப்பிடியைக் காணோம்.

அவளா விடுவாள்! கதவைச் சாத்திக்கொண்டு, தொட்டிக்குள் இறங்காமல், சொம்பால் மொண்டு மொண்டு தரையில் ஊற்றினாள். வெளியே காவலுக்கு நின்ற மாமியாருக்குச் சத்தம் கேட்டால் போதாதா? ஆவி மட்டும் முகத்தில் ஒட்டியது. துடைக்கத் துடைக்கப் பிசுபிசுத்தது. வடிகால் சல்லடையில் குப்பைபோல ஏதோ சேர்ந்திருந்தது. குனிந்து பார்த்தாள். செத்த குஞ்சுகள். நகக்கண் அளவு. எல்லாவற்றுக்கும் கண் திறந்திருந்தது.

ஒரு வாய் நல்ல தண்ணீர் குடிக்க அடுக்களைக்கு ஓடினாள். குழாயில் பிடித்து ஒரே மடக்கில் விழுங்கிய பிறகுதான் உறைத்தது. அதே சூடு. அதே வழுவழுப்பு. எத்தனை நாளாக இந்தத் தண்ணீரில் சமைக்கிறார்கள்? தொண்டையில் ஏதோ வழுக்கிக்கொண்டு இறங்கியது. விரலை விட்டு ஓங்கரித்துப் பார்த்தாள். வெறும் எச்சில்தான் வந்தது, கோந்துபோல.

அதன்பிறகு எதுவும் இறங்கவில்லை. சோற்றைப் பார்த்தாலே உதடு தானாக ஒட்டிக்கொண்டது. மாமியார் மசக்கை என்றாள். கணவன் போகும்போதும் வரும்போதும் அவள் வாயையே பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை.

பிள்ளையைக் காப்பாற்ற வேண்டுமானால் இந்த வீட்டில் இருக்கக் கூடாது. அக்கா வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தாள். மழை மூட்டமாக இருந்த ஒரு மதியம், கொட்டகையில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்ட நேரமாகப் பார்த்து, துணிப் பையை எடுத்துக்கொண்டு சுண்டெலியின் கையைப் பிடித்தாள். செருப்பு மாட்டக் குனிந்தாள். வயிறு லேசாக இருந்தது.

தொட்டுப் பார்த்தாள். காலையில்கூட மேடாக இருந்த அடிவயிறு தொளதொளத்துக் கிடந்தது. வலி இல்லை. இரத்தம் இல்லை. 'ஐயோ' என்று கத்த நாக்கைத் தூக்கினாள்.

நாக்கு எதிலோ இடித்தது.

உருண்டையாக ஒன்று. வழுவழுவென்று. நாக்குக்கு அடியில் இன்னொன்று. கன்னத்துக்குள் இரண்டு. பிறகு வாய் நிறைய.

துப்பிவிட வேண்டும். சாக்கடைப் பக்கம் குனிந்தாள். அப்போது ஒன்று துடித்தது. விட்டு விட்டு. நெஞ்சு துடிக்கிற மாதிரி.

உதடுகளை இறுக்கிக்கொண்டாள்.

"ஏம்மா பேச மாட்டேங்குற? வாயில என்னம்மா?"

தலையை ஆட்டினாள். வாசலுக்குத் திரும்பினாள்.

மோட்டார் சத்தம் நின்றிருந்தது.

அவன் வாசற்படியில் நின்றான். ஈரக் கை. உப்பிய கன்னங்களைப் பார்த்தான். ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவளை உலுக்கியது.

"அம்மா, அந்த டப்ப எடுத்துட்டு வா."

மாமியார் தயாராகவே வைத்திருந்தாள். நீல டப். தண்ணீரில் ஆவி பறந்தது.

பிடரியில் ஒரு கை விழுந்தது. குனிய வைத்தது. கட்டைவிரல் தாடை மூட்டைத் தேடியது. உடனே கண்டுபிடித்தது. பழகிய விரல். மீன் நாற்றம். கடித்துவிடலாம். கடிப்பதென்றால் வாயைத் திறக்க வேண்டும்.

"பயப்படாத" என்றான். "தாய்க்கு ஒண்ணும் ஆகாது."

சுண்டெலி அலறிக்கொண்டு ஓடிவந்து அவள் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அவன் நிழல் முகத்தில் விழுந்தது. வாய்க்குள்ளே, அத்தனையும் ஒரே சமயத்தில் திரும்பி, தொண்டைப் பக்கமாக ஒதுங்கின.