ஆற்றைத் தாண்டியதும் பேசியது

ஆற்றைத் தாண்டியதும் அமிர்தத்தின் பேச்சு தெளிந்துவிட்டது.

"தண்ணி நல்லா சில்லுனு இருந்துச்சு இல்ல மாமா?" என்றாள் பின்னாலிருந்து.

கணுக்கால் ஆழத் தண்ணீரில் சைக்கிளை மிதித்து, எதிர்க்கரை மணல் மேட்டில் ஏறிக்கொண்டிருந்த சின்னராசுவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. விடிந்ததிலிருந்து அவள் சொன்ன ஒரு வார்த்தைகூட அவனுக்குப் புரியவில்லை. நாக்கு தடித்து, மூக்கால் முனகி, மலையை விட்டு இறங்குவதற்குள் அந்த முனகலும் அடங்கிப்போயிருந்தது. இப்போது கிணற்றடியில் நின்று பேசுவதுபோல அத்தனை தெளிவாகப் பேசுகிறாள்.

"இன்னா புள்ள, இப்ப எப்டி இருக்குது?"

"ஒண்ணுமில்ல மாமா. நீ மெதுவாவே போ."

ராத்திரி தரையில் அவன் பக்கத்தில் படுத்திருந்த பெண்டாட்டியைக் கட்டுவிரியன் தீண்டியது இருவருக்கும் தெரியவில்லை. கோழி கூவும் நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வெளிச்சம் வந்தபோது இமைகள் தொங்கிவிட்டிருந்தன. கால் விரலிடுக்கில் எறும்பு கடித்ததுபோல இரண்டு புள்ளிகள் இருந்ததைப் பக்கத்து வீட்டுக் கண்ணாயிரம்தான் கண்டுபிடித்தார். சங்கராபுரம் ஆஸ்பத்திரிக்குப் போக அந்த வாரம் பஸ் கிடையாது. இட ஒதுக்கீடு கேட்டு மறியல். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். எங்கேயோ துப்பாக்கிச் சூடு நடந்ததாம், எங்கேயோ சைக்கிளைக்கூடப் பிடுங்கிக் கொளுத்துகிறார்களாம் என்று கல்வராயன் மலைமேல் வரைக்கும் பேச்சு ஏறி வந்திருந்தது.

பழைய புடவையைக் கிழித்து அமிர்தத்தை அவன் முதுகோடு சேர்த்துக் கட்டினார் கண்ணாயிரம். அவள் கைகள் இரண்டையும் அவன் வயிற்றுக்கு முன்னால் இழுத்துத் துண்டால் முடிந்தார்.

"தூங்க வுட்றாத. பேச்சு குடுத்துக்கினே போ. பேசறவரைக்கும் உசுரு கீதுன்னு வச்சிக்க."

மலைத்தடம் சின்னராசுவுக்குப் புதிதல்ல. வாராவாரம் மரவள்ளி மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு அதே வழியில்தான் இறங்குவான். எந்தக் கல்லில் டயர் வழுக்கும், எந்தத் திருப்பத்தில் பிரேக்கை விட்டுவிட்டு உடம்பைப் பின்னுக்குச் சாய்க்க வேண்டும் என்பதெல்லாம் அவன் இடுப்புக்குத் தெரியும். அன்றைக்கு உருண்டு வந்த வேகத்தில் அவன் ஒருநாளும் இறங்கியதில்லை. அவள் தலை அவன் தோள்பட்டையில் முட்டி முட்டி விழுந்தது. ஆறு வந்தது. அதன்பின் அவள் பேச ஆரம்பித்தாள்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் செம்மண் பூமி அலை அலையாக ஏறி இறங்கியது. மேட்டில் கம்பு, பள்ளத்தில் மரவள்ளி, அதற்கப்பால் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு வெட்டப் போகிற கரும்பு, ஆள் உயரத்துக்கும் மேலே, வானம் மூடிக்கிடந்த அந்த வெளிச்சத்தில் கறுத்துத் தெரிந்தது. எங்கும் ஒரு மோட்டார் சத்தம் இல்லை. வண்டிகள் நின்றுபோன ஊரில் செயின் உரசுகிற ஒலியும் அவன் மூச்சும் மட்டும் பெரிதாகக் கேட்டன.

வழி இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் போனால் கூப்பிடு தூரத்தில் தார் ரோடு. வலது பக்கம் கரும்புக் கொல்லைகளுக்குள் போகிற வண்டித் தடம்.

"ரோட்டுப் பக்கம் வேணாம் மாமா" என்றாள். "அங்க ஆளுங்க கத்தியோட நிக்கிறாங்க. வண்டிய கொளுத்துவாங்க. வலது பக்கம் திருப்பு."

"உனக்கு எப்டித் தெரியும்?"

"சத்தம் கேக்குதே."

அவனும் காது கொடுத்தான். கரும்புத் தோகையில் காற்று மட்டும் அலைந்தது. ஆனால் பயம் முன்னமே அவனுக்குள் இருந்தது. சைக்கிள் இல்லையென்றால் இவளை எப்படித் தூக்கிப் போவது? வலது பக்கம் திருப்பினான்.

உள்ளே நுழைந்ததும் சூடு அடித்தது. அழுகிய கரும்புச் சோகையின் புளித்த வாடை. இரண்டு பக்கமும் தோகைகள் முழங்கையைக் கீறின. மாட்டு வண்டிச் சக்கரம் அறுத்த பள்ளத்தில் முன்சக்கரம் சிக்காமல் நடு மேட்டிலேயே ஓட்ட வேண்டியிருந்தது. அவள் விடாமல் பேசினாள். அடுத்த வருஷம் எருமை வாங்கலாம் என்றாள். வூட்டுக்கு ஓடு போடலாம் என்றாள். அவன் சிரித்துக்கொண்டே உம் கொட்டினான்.

அப்போதுதான் வயிற்றில் ஏதோ கிள்ளியது.

குனிந்து பார்த்தான். துண்டுக்குள் அவள் விரல்கள். வலது கை ஆள்காட்டி விரல் மெல்ல வளைந்து அவன் சட்டையைப் பற்றி இழுத்தது. விட்டது. மறுபடி இழுத்தது.

"இன்னா புள்ள கிள்ற?"

"வெரலு மரத்துப் போச்சு. அது தானா ஆடுது. நீ பாக்காத, ரோட்டப் பாத்து ஓட்டு."

விரல் மறுபடி இழுத்தது. இந்தத் தடவை நகம் பட்டது.

தடத்தில் கல் பாவிய இடம் வந்தது. சைக்கிள் குதித்தது, பெல் தானாக அடித்துக்கொண்டது. "கெட்டியா பி-பிடிச்சிக்க" என்று சொல்லும்போதே அவன் குரல் துண்டு துண்டாக உடைந்தது.

"பிடிச்சிக்கினுதான் இருக்கேன் மாமா. இன்னும் கொஞ்ச தூரந்தான்."

அவள் குரல் உடையவில்லை.

கல்லுக்குக் கல் சைக்கிள் தூக்கிப்போட, எதுவும் அசையாத ஓரிடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேசுகிறவளைப்போல வழவழவென்று வந்தது அந்தக் குரல். அவன் பெடல் நின்றது. மறுபடி மிதித்தான். அவளுடைய தாடை அவன் தோள்பட்டை எலும்பின்மேல் அழுந்தியிருந்தது. சட்டை வியர்வையில் நனைந்து அங்கே ஒட்டியிருந்தது. அவள் பேசினால் அந்தத் தாடை அசைய வேண்டும்.

"எதுனா பேசு" என்றான்.

"இன்னா பேசறது? உங்கூடத்தான காலையிலேர்ந்து பேசிக்கினு வரேன்."

தாடை அசையவில்லை. குரல் அவள் தலைக்கு மேலிருந்து, கொஞ்சம் உயரத்திலிருந்து வந்தது. கேரியரில் அவளுக்கும் பின்னால் யாரோ முழங்காலிட்டு, அவள் தலைக்கு மேலாகக் குனிந்து, அவன் காதுக்குச் சொல்வதுபோல.

அவனுடைய பின்கழுத்து மயிர் சிலிர்த்தது. திரும்பிப் பார்க்க முடியாது. அவளை முதுகோடு கட்டியிருந்தது. உதட்டை அசைக்காமல், மூச்சுக்குள் சொன்னான்.

"அமிர்தம். பேசறது நீயா? நீ இல்லன்னா, கிள்ளு."

"நாந்தான் மாமா" என்றது குரல். "வேற யாரு?"

விரல் வளைந்தது. சட்டையோடு சேர்த்துத் தோலைப் பிடித்தது. நகம் உள்ளே இறங்கும்வரை கிள்ளியது.

சின்னராசு அலறினான். காலை ஊன்றிச் சைக்கிளைத் திருப்பினான். பள்ளத்தில் சக்கரம் சிக்கியது. இழுத்தான். மிதித்தான்.

"திரும்பாத மாமா. சங்கராபுரம் வந்துடுச்சு. அதோ கோபுரம் தெரியுது பாரு."

கரும்பு. கரும்புதான் தெரிந்தது. எவ்வளவு தூரம் உள்ளே வந்துவிட்டான்! வரும்போது தெரியவில்லை. எருமை வாங்குவதையும் ஓடு போடுவதையும் கேட்டுக்கொண்டே வந்துவிட்டான்.

"அமிர்தம், கிள்ளிக்கினே இரு. வுடாத. கிள்ளு."

கிள்ளினாள்.

கல் பாவிய இடம். குதித்தது. கிள்ளினாள்.

"பாவம், அவளுக்கு வலிக்குது" என்றது குரல். "நிறுத்து. கொஞ்சம் படுக்க வை."

"கிள்ளு அமிர்தம்!"

கிள்ளவில்லை. விரல் சட்டையை வருடியது. வருடி, வருடி, ஒரு பொத்தானின்மேல் வந்து நின்றது. அவன் மிதித்தான். வாயில் ரத்தம் கரித்தது. முதுகில் ஒட்டியிருந்த மார்பு ஒருமுறை மெல்ல ஏறியது. இறங்கியது.

ஏறும் என்று காத்திருந்தான்.

செயின் உரசியது. தோகை கீறியது. குரலும் பேசவில்லை.

பிறகு காதுக்குள், மிக அருகில், சிரிப்பை அடக்கிக்கொண்டு:

"இப்ப கிள்ளச் சொல்லு."

வழி பிரிந்த இடத்தைத் தாண்டித் தார் ரோட்டுக்கு வந்ததும் சைக்கிளோடு சாய்ந்தான். குறுக்கே கிடந்த புளியமரத்தின் கிளைகளுக்கிடையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஓடிவந்தார்கள். கையில் கொடுவாளோடு முதலில் வந்தவர் சுப்புராயன்; சந்தையில் மரவள்ளி எடை போடுகிறவர், சின்னராசுவுக்கு முகம் தெரிந்தவர். புடவை முடிச்சை அறுத்து அமிர்தத்தைத் தரையில் கிடத்தினார். நெற்றியைத் தொட்டார்.

"உடம்பு இன்னும் சுடுது. இப்பத்தான்யா போயிருக்கு."

அவள் பற்கள் இறுகக் கடித்திருந்தன. கடைவாயில் வழிந்த எச்சில் எப்போதோ காய்ந்து வெள்ளைக் கோடாகி, உதடுகளை ஒட்டியிருந்தது. அந்த உதடுகள் மலையை விட்டு இறங்கியதிலிருந்து பிரியவில்லை. மூடிய இமைகளின் ஓரத்தில் மட்டும் ஈரம் இருந்தது.

"ஏன்யா கொல்லைக்குள்ள போன?" சுப்புராயன் அவன் முழங்கையில் தோகை கீறிய கோடுகளைப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்குப் போறவங்கள நாங்கதான தோள்ல தூக்கி அந்தாண்ட வுட்டுக்கினு கீறோம். மரத்துக்கு அப்பால வேன் நிக்குதே. காலையிலயே வந்திருந்தா..."

சின்னராசு அவரைப் பார்க்கவில்லை. அவன் பார்வை கம்பங்கொல்லைக்கு அப்பால், வழி பிரிகிற மேட்டில் இருந்தது.

அங்கே ஒரு சைக்கிள் வந்து நின்றிருந்தது. ஓட்டி வந்தவன் யாரென்று தெரியவில்லை. ஆற்றிலிருந்து ஏறி வந்த ஈரம் வேட்டியில் இருந்தது. அவன் முதுகோடு ஒரு பெண் குழந்தையைத் துணியால் கட்டியிருந்தான். குழந்தையின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. அவன் எந்தப் பக்கம் போவதென்று இரண்டு வழியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இங்க வா!" சின்னராசு கத்திக்கொண்டே ஓடினான். "இந்தப் பக்கம் வா! அது பேச்ச கேக்காத!"

அறுந்த புடவை இடுப்பிலிருந்து தொங்கி இழுபட, கம்பைச் சாய்த்துக்கொண்டு ஓடினான். என்னவோ ஏதோ என்று சுப்புராயனும் மற்றவர்களும் கொடுவாளைக்கூடக் கீழே போடாமல் பின்னால் ஓடிவந்தார்கள்.

மேட்டில் நின்றவன் திரும்பினான். ஓடிவருகிற கூட்டத்தைப் பார்த்தான். அவன் முகம் வெளிறியது.

வண்டிச் சத்தமே இல்லாத அந்தப் பகலில், கொல்லை முழுக்கத் தாண்டிக் கணீரென்று கேட்டது ஒரு குழந்தைக் குரல்.

"அப்பா, வெட்ட வராங்கப்பா! கரும்புக்குள்ள போ, சீக்கிரம் போ!"

அவன் எழுந்து நின்று மிதித்தான். சைக்கிள் வலது பக்கம் சரிந்து இறங்கியது. தோகைகள் மூடுவதற்கு முன் சின்னராசு அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்தான். அப்பாவின் முதுகில் அழுந்திய கன்னம், பாதி திறந்த கண்கள், நுரை கட்டி இறுக மூடிய வாய்.

"எனக்குச் சரியாப் போச்சுப்பா" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போயிற்று குரல்.