இடது பட்டனில் ஒரு கட்டை

போன் அலறியது.

தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தார். எடுத்த கவளத்தைத் திரும்ப வைத்தார்.

"சார்... காலையில தகடு அழுத்துற பிரஸ்ல ஒருத்தருக்குக் கை போயிடுச்சு."

இந்த வருஷத்தில் ஒன்பதாவது! இன்னும் பாதி வருஷம் பாக்கி இருக்கிறது. டப்பாவை மூடினார். பசியும் தானாக மூடிக்கொண்டது.

முதலில் ஆஸ்பத்திரி.

பிரஸ் ஆபரேட்டர் மயக்கத்தில் கிடந்தான். வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. மீதியெல்லாம் வெள்ளைக் கட்டு. பக்கத்தில் அவன் மனைவி. அழுது ஓய்ந்த முகம்.

"கம்பெனிக்காரங்க வந்துட்டுப் போனாங்க சார். மெஷின்ல கட்டை வச்சு ஓட்டினாராம். தப்பு அவர் மேலதானாம். நீங்களும் அப்படியே எழுதிட்டா வைத்தியமும் கிடையாது, வேலையும் கிடையாதுன்னாங்க."

"அவர் என்னம்மா சொன்னார்?"

"நினைவு இருந்தவரைக்கும் ஒண்ணேதான் சொன்னார்... 'அதுவா இறங்கிடுச்சு'."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். ஒவ்வொரு முறையும் மெஷின் அதுவாகத்தான் இறங்குகிறது. அறிக்கையில் மட்டும் கவனக்குறைவு ஏறிவிடுகிறது. எட்டு முறை அவரே அப்படி எழுதியிருக்கிறார். அந்த எட்டும் இப்போது நெஞ்சை உறுத்தின.

அடுத்து தொழிற்சாலை.

மேனேஜர் வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். கூடவே சூப்பர்வைசர். பட்டப்பெயர் ஏழரை. சனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வலது கையில் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரலில் பாதி... இவ்வளவும் கிடையாது. மீதியை எண்ணிப் பார்த்து யாரோ வைத்த பெயர்.

பவர் பிரஸ் சத்தமில்லாமல் நின்றிருந்தது. தகட்டை அச்சில் வைத்துவிட்டு, இடது பட்டனை இடது கையாலும் வலது பட்டனை வலது கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே தொங்கும் இரும்புப் பாளம் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருக்கும்போது அச்சுக்குள் கை மாட்ட வழியில்லை. ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடுதான்.

மேனேஜர் விரலை நீட்டினார்.

இடது பட்டன் அழுந்திக் கிடந்தது. அதன் மேல் இறுக்கிச் செருகிய ஒரு மரக்கட்டை!

"பார்த்தீங்களா சார்? ஒரு பட்டனை இப்படி அடைச்சுட்டு, ஒத்தைக் கையால ஓட்டியிருக்கான். நாங்க எதையும் தொடலை. அப்படியே வச்சிருக்கோம்."

சாயங்கால ஷிப்டுக்கு வேறு ஆள் தயார் என்றும், இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டதும் மெஷினை ஓட்டிவிடலாம் என்றும் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். 'கவனக்...' என்பது வரை எழுதினார்.

நிறுத்தினார்.

மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லிவிட்டு, ஆபரேட்டரின் ஸ்டூலில் போய் உட்கார்ந்தார்.

"இடது பட்டன்ல கட்டை இருக்கு. நான் அழுத்த வேண்டியது வலது பட்டன். எந்தக் கையால அழுத்துவேன்?"

"வலது கையால..." மேனேஜரின் குரல் தேய்ந்தது.

"அப்போ அச்சுக்குள்ள மாட்ட வேண்டியது இடது கை. ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவருக்குப் போனது வலது கை சார்."

மேனேஜர் ஏழரையின் பக்கம் திரும்பினார். கோபத்தில் வாய் முந்திக்கொண்டது.

"பதினெட்டு வருஷமா இந்த பிரஸ்ஸோட கிடக்கிறே... எந்தப் பக்கம் கட்டை வைக்கணும்னு கூடவா தெரியாது உனக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. முகம் வெளுத்தது.

ஏழரை அசையவில்லை. குரலில் பல வருஷக் களைப்பு.

"தெரியும் சார். அதனாலதான் இடது பக்கம் வச்சேன்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

"என் விரல் போனப்பவும் இதே மாதிரி ஒரு கட்டை முளைச்சுது சார். அதைச் சரியான பக்கம் வச்சிருந்தாங்க. தப்பு என் மேலன்னு ஆயிடுச்சு. மெஷின் தானா இறங்குதுன்னு போன வாரமே இவர்கிட்ட சொன்னேன். காதுல போட்டுக்கலை. இன்னைக்கு அந்தப் பையனுக்குக் கை போனப்புறம் கட்டை வைக்கச் சொன்னார்... வச்சேன்."

இன்ஸ்பெக்டர் பழைய தாளைக் கிழித்துப் போட்டார். புதுத் தாளில் முதல் வரியாக, மெஷினுக்கு சீல் வைக்க உத்தரவு எழுதினார். பிறகு ஏழரை சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதி, தாளையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினார்.

"கையெழுத்துப் போடுவீங்களா?"

ஏழரை கையை நீட்டினார்.

"போடறேன் சார். பேனா பிடிக்கிற விரலை மட்டும் இந்த மெஷின் விட்டு வச்சிருக்கு."